பூங்குழலியை மறுபடி கடலுக்கு அனுப்பிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், பெரிய எழுத்தாளர்களின் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு இளைஞர்கள் எழுதுகிற கதையெல்லாம் வெறும் இரவல் என்று ஒரே அடியாக அடித்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்படி ஒரு கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கையில் பென்சிலோடு படித்து முடித்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவன் இருக்கிறான். பொன்னியின் செல்வன் பைத்தியம். படம் 2022லும் 2023லும் இரண்டு பாகமாக வந்தபோது மூல நாவலைப் படிக்கத் தொடங்கியவன், ஐந்து பாகத்தையும் மூன்று தடவை படித்துவிட்டு, தானே ஒரு சாகசக் கதை எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, படித்துப் பாருங்கள் பெரியம்மா என்று கொண்டுவந்து கொடுத்தான். 31 அத்தியாயம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, யாரும் தொடலாம். ஆகவே இரவல், திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. நன்றாக எழுதியிருக்கிறானா என்பதுதான் கேள்வி.

முதலில் அவன் எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாவலின் முடிவில் பூங்குழலி சேந்தன் அமுதனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், அவன் உத்தம சோழனாகப் பட்டம் ஏறுகிறான், அவள் ராணி ஆகிவிடுகிறாள். கோடிக்கரையில் ராத்திரியில் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு போன பெண், சதுப்பு நிலத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று சொன்ன பெண், அவள் அரண்மனைக்குள் போய் உட்கார்ந்து என்ன செய்திருப்பாள்? பதிமூன்று வயதில் முதல் தடவை படித்தபோதே எனக்கு இந்தக் குறை இருந்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு பையன் அதே இடத்தில் கை வைத்திருக்கிறான். ஒரு முத்திரை மோதிரம் காணாமல் போகிறது, அதைத் தேடி ராணியே வேஷம் மாறிக் கோடிக்கரைக்கு வருகிறாள். தன் பழைய படகைக் கண்டுபிடித்து, அதன் முன்முனையான அணியத்தைக் கையால் தடவிப் பார்த்து, பலகை உளுத்திருப்பதை உணர்கிறாள். அந்த ஒரு பக்கத்துக்காகவே அவனுக்கு நூறு மார்க் கொடுப்பேன்.

ஆனால் படகு கரையை விட்டுக் கிளம்பியதும் கதை தடுமாறுகிறது. நான் காசிமேட்டுக்காரி, அப்பா கட்டுமரத்தில் போனவர், எனக்கு இது கண்ணில் படாமல் போகாது. எட்டாவது அத்தியாயத்தில் வில்லனின் ஆள் துரத்தி வருகிற கட்டுமரத்துக்கு உள்ளே தண்ணீர் புகுந்து அது மூழ்கிப் போகிறது. கட்டுமரத்துக்கு ஏதப்பா உள்ளே? நாலு மரத்தைச் சேர்த்துக் கட்டியது அது, தண்ணீர் மரத்துக்கு நடுவே வரும் போகும், மேலே இருப்பவன் முட்டி எப்போதும் நனைந்தேதான் இருக்கும். கவிழலாம், கயிறு அறுந்து பிரியலாம், தண்ணீர் ரொம்பி மூழ்காது. அடுத்து, ஐப்பசி மாதம், வாடைக் காற்று என்று அவனே எழுதுகிறான், பூங்குழலி கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் போய் அதே ராத்திரியில் துடுப்புப் போட்டுத் திரும்பியும் விடுகிறாள். தூரமே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வாடை வடக்கிலிருந்து அடிப்பது, போகும்போது முதுகில் இருக்கும், பாய் விரித்தால் தள்ளிக்கொண்டு போகும், சரி. வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்குமே! காற்று மாறும்வரை அந்தக் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டும், இல்லையென்றால் பாயை மாற்றி மாற்றிக் கட்டிக் கோணல்மாணலாக ஏறி வர வேண்டும். உண்மையான சாகசமே அங்கேதான் இருக்கிறது, அவன் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டான் என்பதுதான் என் வருத்தம்.

அதே பையன் கடலை அற்புதமாகவும் எழுதியிருக்கிறான், ஒரே ஒரு இடத்தில். துடுப்பு தண்ணீரில் விழும்போதெல்லாம் நீல வெளிச்சம் தெறிக்கிறது, அவள் கையை விட்டு எடுத்தால் விரல் நுனியிலும் ஒட்டிக்கொண்டு மின்னுகிறது. இது எப்படி வந்தது என்று கேட்டேன். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் கடற்கரையில் அலை நீலமாக மின்னியதே, அன்றைக்கு அப்பாவோடு போய்ப் பார்த்தானாம். பார்த்ததை எழுதியிருக்கிறான், அதனால் நிற்கிறது. மற்ற அலையெல்லாம் சினிமாவில் பார்த்த அலை.

இன்னொரு குறை நடையில். முதல் அத்தியாயத்தில் கல்கி வாசகரைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்வார் அல்லவா, இவனும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நேயர்களே நேயர்களே என்று கூப்பிடுகிறான். கல்கி வாராவாரம் பத்திரிகையில் எழுதினார், போன வாரம் விட்ட இடத்துக்கு வாசகரைக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியிருந்தது. முழுசாகக் கையில் இருக்கும் கதைக்கு அது எதற்கு? அவன் தன் குரலில் எழுதுகிற இடங்கள்தான் எனக்குப் பிடித்திருந்தன.

அப்புறம் ஆபத்து என்ற விஷயம். அருள்மொழிவர்மனின் கழுத்தில் கத்தி வைக்கிறான், எனக்குப் பதறவே இல்லை. 985ல் அவர் ராஜராஜனாகப் பட்டத்துக்கு வரப்போகிறார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எப்படிச் சாவார்? நாவலில் சூழ்ச்சி செய்யும் நந்தினியும் மூன்று அத்தியாயத்துக்கு ஒருமுறை இருட்டில் சிரித்துவிட்டுப் போகிறாள், அதுவும் பலிக்கவில்லை. ஆனால் அவனே சொந்தமாக ஒரு பெண்ணை உண்டாக்கியிருக்கிறான், உப்பளத்தில் வேலை செய்யும் பத்து வயதுச் சிறுமி, எல்லோரும் நண்டு என்று கூப்பிடுவார்கள். மோதிரத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு புதைசேற்றின் ஓரமாக அவள் ஓடுகிற அத்தியாயத்தைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை எனக்கு. அவளுக்கு என்ன ஆகும் என்று எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை, என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அப்படிப்பட்டவளை இருபதாவது அத்தியாயத்தில் உப்பு மேட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தவன், கடைசிவரை திரும்பியே பார்க்கவில்லை.

போன வாரம் பிரதியை வாங்க வந்தபோது இத்தனையும் அவனிடமே சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் எழுந்து போகவில்லை, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். என் தம்பி இன்னமும் காசிமேட்டிலிருந்து ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறான். பொங்கல் கழிந்து கடல் அடங்கியதும் ஒரு விடியற்காலையில் இவனையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். கிளம்பும்போது, நண்டு எங்கேடா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னும் அந்த உப்பு மேட்டுக்குப் பின்னாடிதான் உட்கார்ந்திருக்கா பெரியம்மா" என்றான். அவளைக் கூட்டிவருகிற அத்தியாயத்தை எழுதியதும் முதலில் எனக்குத்தான் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை - 13