பில்பாவோவுக்குப் பதினாறு நாள் கழித்து

கோயம்புத்தூர்
8 ஜூன் 2025

அன்புள்ள சேவியருக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான் இருக்கிறது. மாடிப்படி ஏற வேண்டாம் என்றால் கேட்பதில்லை. உன் தங்கைக்கு வேலை மாற்றல் கிடைத்த செய்தி அறிந்து மகிழ்ந்தோம். மார்ச் மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு நான் இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தது தவறு, மன்னித்துக்கொள். நான்கு பக்கமும் நம் டாட்டன்ஹாம் கால்பந்து அணியின் பயிற்சியாளர் போஸ்டெகோக்லுவை உடனே மாற்றியாக வேண்டும் என்பதைப் பற்றியே நீ எழுதியிருந்தாய். அப்போது உன்னை மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஆனால் அவர் பதவியில் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 2023 ஜூன் 6 அன்று பதவிக்கு வந்தவரை, 2025 ஜூன் 6 அன்று, சரியாக இரண்டு ஆண்டு முடிந்த நாளில், ஸ்பெயினின் பில்பாவோவில் யூரோப்பா லீக் கோப்பையைக் கையில் வாங்கிப் பதினாறே நாள் ஆன நிலையில் அனுப்பிவிட்டார்கள். யூரோப்பா லீக் வெற்றி கிளப்பின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்றுதான், ஆனால் அந்த வெற்றி தந்த உணர்ச்சியின் மேல் நின்று முடிவெடுக்க முடியாது, கடைசி 66 லீக் ஆட்டங்களில் 78 புள்ளிகளே கிடைத்தன என்கிற பொருளில் அறிக்கை விட்டிருக்கிறார்கள். நீ அதைப் படித்துத் தலையாட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்று காலையிலேயே பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் உன் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பருவத்தின் பிரீமியர் லீக்கில் 22 தோல்விகள். இருபது அணிகளில் பதினேழாம் இடம். வெறும் 38 புள்ளி. கீழே இருந்த மூன்று அணிகளும் அவ்வளவு பலவீனமாக இல்லாதிருந்தால் ஏப்ரலில் நமக்குத் தூக்கம் போயிருக்கும். 2023 நவம்பரில் செல்சியோடு ஆடியபோது இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, ஒன்பது பேரே மிஞ்சிய பிறகும், தற்காப்பு வரிசையை நடுக்கோட்டருகே நிறுத்திவைத்து 4-1 என்று தோற்றோமே, அன்றைக்கு நீ தொலைபேசியில் கத்தியது நியாயம்தான். ஐந்து பேர் மிஞ்சினாலும் இப்படித்தான் ஆடுவோம் என்று அவர் அதன்பின் பேசியது எனக்கு வீரமாகப் பட்டது, உனக்குப் பிடிவாதமாகப் பட்டது. கார்னர் பந்துகளைத் தடுப்பதற்குத் தனிப் பயிற்சியாளர் எதற்கு என்பதுபோல அவர் நடந்துகொண்டதும், தொடைத் தசை கிழிந்து ஒருவர் பின் ஒருவராக ஆட்டக்காரர்கள் படுத்தபோது அவருடைய இடைவிடாத ஓட்டப் பயிற்சியையும் ஆட்ட முறையையும் பலர் குற்றம் சொன்னதும் வெறும் பழி என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

இருந்தாலும் அந்தப் பதினேழாம் இடத்தைச் சற்று நின்று பார். நாம் அடித்த கோல் 64, வாங்கிய கோல் 65. பதினேழாம் இடத்து அணிக்கு ஒரே ஒரு கோல்தான் குறை என்பது விந்தையான கணக்கு. மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று வீழ்த்திய அணி இது. அந்த ஆட்டத்தில்தான் கோல்காப்பாளர் விகாரியோ கணுக்கால் எலும்பு முறிந்த நிலையிலேயே ஆடி முடித்தார். அதன்பிறகு நடுத் தற்காப்பில் ரொமேரோ இல்லை, வான் டெ வென் இல்லை. நடுக்களத்துக்காக வாங்கிய பதினெட்டு வயது ஆர்ச்சி கிரே நடுத் தற்காப்பில் நின்று லீக்கின் முரட்டுத் தாக்குநர்களோடு மோதிக்கொண்டிருந்தான். டிசம்பரும் ஜனவரியும் அப்படியே கழிந்தன. ஜனவரி பிறந்ததும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை வாங்கித் தந்திருக்கலாம் அல்லவா? தற்காப்பாளர் டான்சோவும் தாக்குநர் டெல்லும் வந்து சேர்ந்தது பிப்ரவரி 2, 3 தேதிகளில், மாற்றச் சந்தையின் கதவு சாத்தப்படும் நேரத்தில். வீட்டுக்குக் கூரை போட ஓடு கொடுக்காதவன், மழையில் நனைந்ததற்குக் கொத்தனாரைப் பழிப்பது என்ன முறை?

என் வாதத்தின் நடுப்புள்ளி இது இல்லை, சேவியர். அது பில்பாவோ இறுதி ஆட்டத்தில் நடந்தது.

இரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியபோது நான் என்ன எதிர்பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். மாடிசன் இல்லை, குலுசெவ்ஸ்கி இல்லை, பெர்க்வால் இல்லை. நடுக்களத்தில் பந்தை அழகாகக் கடத்தத் தெரிந்த மூவரும் காயம்பட்டுக் கிடந்தார்கள். பழைய போஸ்டெகோக்லு என்றால் அப்போதும் எல்லோரையும் முன்னே அனுப்பியிருப்பார். அன்று அனுப்பவில்லை. ஜான்சனின் கோல், யார் உடலில் பட்டு உள்ளே போனது என்றே புரியாத அந்த அலங்கோலமான கோல், 42-ஆம் நிமிடத்தில் விழுந்தது. அதற்குப் பின் அணி முழுவதையும் தன் கோலுக்கு முன்னால் சுவராக நிறுத்திவிட்டார். ஆட்ட நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நம் காலில் பந்து இல்லை. கோட்டைத் தாண்டவிருந்த பந்தை வான் டெ வென் காற்றில் படுத்தபடி காலால் வெளியே தள்ளியபோது நான் எழுப்பிய சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

நீ இரண்டு ஆண்டாகச் சொல்லிவந்த குற்றச்சாட்டு ஒன்றுதான்: இவர் மாறமாட்டார். அவர் மாறினார். அதற்கு முந்தைய சுற்றுகளிலேயே மாறத் தொடங்கிவிட்டார். பிராங்க்ஃபர்ட்டில் 1-0, நார்வேயில் போடோ அணியின் செயற்கைப் புல்தரையில் 2-0 என்று அடக்கி ஆடி வென்றதெல்லாம் அவருடைய பழைய பாடத்திட்டத்தில் இல்லாதவை. இந்த மனிதர் எங்கிருந்து வந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த மாற்றத்தின் விலை தெரியும். ஐந்து வயதில் கிரேக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். தெற்கு மெல்போர்ன் அணியில் அவர் தலைவராக இருந்தபோது பயிற்சியாளராக வந்தவர் ஹங்கேரியின் புஷ்காஷ். புஷ்காஷ் கிரேக்க மொழியில் பேச, அதைச் சக ஆட்டக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரைக் காரில் ஏற்றிச் சென்றதும் இந்த இளைஞர்தான். தாக்கி ஆடுவதுதான் ஆட்டம் என்கிற நம்பிக்கை அந்தக் காரில் அவருக்குள் இறங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். பிரிஸ்பேனிலும் யோகோஹாமாவிலும் செல்டிக்கிலும் அதே நம்பிக்கையோடு பட்டம் வென்றவர், அறுபதாம் வயதை நெருங்கும்போது ஒரு கிளப்பின் நாற்பத்தோராண்டு ஐரோப்பிய வறட்சியைத் தீர்ப்பதற்காக அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் என்று நிரூபித்த மாதத்திலேயே, மாறமாட்டார் என்று முடிவுகட்டி அனுப்புகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளராக இருந்த டென் ஹாக்கை நீ எடுத்துக் காட்டுவாய். கடந்த ஆண்டு மே மாதம் சிட்டியைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்றார், லீக்கில் எட்டாம் இடம். மான்செஸ்டர் யுனைடெட் உரிமையாளர்கள் கோப்பையில் மயங்கி அவரை வைத்துக்கொண்டார்கள், ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள், அவர் விருப்பப்படி ஆட்களை வாங்கினார்கள், அக்டோபர் 28 அன்று விரட்டினார்கள். பருவமும் பணமும் சேர்ந்து போயின என்பாய். பலமான எடுத்துக்காட்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நோய் அவரை வைத்துக்கொண்டதில் இல்லை. கோப்பை வென்ற மறுநாளிலிருந்து வாரக்கணக்கில் வேறு பயிற்சியாளர்களோடு பேசிப் பார்த்து, யாரும் சரிப்படாமல், கடைசியில் நீயே இரு என்றார்கள். அரை மனதோடு வைத்துக்கொள்ளப்பட்டவரின் சொல்லை ஆட்டக்காரன் எப்படி முழு மனதோடு கேட்பான்?

மான்செஸ்டர் யுனைடெட் பொறுமையாக வைத்துக்கொண்ட ஃபெர்குசனின் கதையை நான் எடுக்கப் போவதில்லை. அதைக் கேட்டாலே நீ எழுந்து போய்விடுவாய். ஆனால் எழுதவே கை கூசுகிற ஓர் உதாரணத்தை எழுதுகிறேன்: நம் பரம எதிரி ஆர்செனல். அதன் பயிற்சியாளர் ஆர்டெட்டா எஃப்.ஏ. கோப்பையை வென்ற பருவத்தில் லீக்கில் எட்டாம் இடம். அடுத்த பருவமும் எட்டாம் இடம். அதற்கடுத்த பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. நாம் அன்று எவ்வளவு சிரித்தோம்! அவர்கள் அசையவில்லை. இன்று தொடர்ந்து மூன்று முறை இரண்டாம் இடத்தில் நிற்கிறார்கள். எட்டும் பதினேழும் ஒன்றல்ல என்று நீ சொல்வது கேட்கிறது. ஒன்றல்லதான். கையில் இருப்பது என்ன, அதை வளர்க்க என்ன வேண்டும் என்று அந்த உரிமையாளர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

நம் வீட்டில் அந்த வழக்கமே இல்லை. ஈனிக் நிறுவனம் 2001-ல் கிளப்பை வாங்கியதும் பயிற்சியாளர் ஜார்ஜ் கிரகாமை நீக்கியது, ஆர்செனலுடனான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்கு அப்போது சில வாரங்களே இருந்தன. மார்ட்டின் யோல் ஓர் ஐரோப்பிய ஆட்டம் நடந்துகொண்டிருந்த இரவிலேயே பதவி இழந்தார். ஹாரி ரெட்னாப் நான்காம் இடம் பிடித்தும் போனார். நான்கு பருவங்கள் முதல் நான்கு இடங்களுக்குள் வைத்திருந்து, சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை அழைத்துச் சென்ற பொச்செட்டினோவுக்கு அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டக்காரரைக்கூட வாங்கித் தரவில்லை. இறுதி ஆட்டம் முடிந்து ஆறு மாதம் ஆகும் முன்பே அனுப்பினார்கள். மொரீன்யோவை லீக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நீக்கினார்கள். 29 வயது ரயன் மேசன் அணியை அழைத்துப் போனார், தோற்றோம். நூனோவுக்குப் பத்து லீக் ஆட்டங்கள். பிறகு கான்டே. ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாக எடுத்தால் சிலவற்றுக்கு நியாயம் இருக்கும். 2008-ல் ஹுவாந்தே ராமோஸ் எட்டு ஆட்டங்களில் இரண்டே புள்ளியோடு அடித்தளத்தில் கிடந்தபோது, பிப்ரவரியில் அவர் கோப்பை வாங்கித் தந்தவர் என்றாலும், நாம் இருவருமே அவர் போகட்டும் என்றுதான் சொன்னோம். வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் மாறாமல் இருந்தவர் கிளப்பின் தலைவர் டேனியல் லெவி ஒருவர்தான். பயிற்சியாளர்கள் இத்தனை பேரும் தவறானவர்கள் என்றால், தேர்ந்தெடுத்தவரின் கண்ணைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?

நான் உரிமையாளராக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீ கேட்பாய் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாண்டு ஒப்பந்தம் நீட்டியிருக்க மாட்டேன். அவரை உட்காரவைத்து, கார்னருக்கும் ஃப்ரீகிக்குக்கும் நீங்கள் மறுக்கமுடியாதபடி ஒரு பயிற்சியாளரை நியமிக்கிறோம், உடற்பயிற்சி முறையை மருத்துவக் குழுவோடு சேர்ந்து மாற்றுங்கள், அதற்கு ஈடாகப் பத்தொன்பது வயதுப் பையன்களோடு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் தேர்ந்த இருவரையும் ஜூலை முதல் வாரத்திலேயே வாங்கித் தருகிறோம், டிசம்பர் இறுதியில் மறுபடி பேசுவோம் என்று சொல்லியிருப்பேன். சாம்பியன்ஸ் லீக் இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவருக்கு அரைப் பருவம் பெரிய சலுகை அல்ல. நம் முன்னணிக் கோலடிப்பவர் ஹாரி கேன் போன அதே ஆகஸ்டில் தன் முதல் பருவத்தைத் தொடங்கி, முதல் பத்து ஆட்டங்களில் 26 புள்ளி எடுத்து, ஐந்தாம் இடத்தில் முடித்தவர் அவர் என்பதை அந்த அறையில் யாராவது நினைவுபடுத்தினார்களா?

ப்ரென்ட்ஃபோர்டின் தாமஸ் ஃபிராங்கின் பெயர் பலமாக அடிபடுகிறது. நல்ல பயிற்சியாளர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன். கோப்பை வென்றவருக்கே பதினாறு நாள்தான் என்று பார்த்தபடி அவர் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறார். அடுத்த குளிர்காலத்தில் நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவனும் அடுத்தவர் யார் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவான்.

பில்பாவோவில் நம் அணித் தலைவர் சன் அழுததைப் பார்த்தாய் அல்லவா? பத்தாண்டு காத்திருந்த மனிதர். தேசியக் கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் கோப்பையைத் தூக்கியபோது, 2008-ல் லீக் கோப்பை இறுதியின்போது, ஹாஸ்டல் தொலைக்காட்சி அறையில் நாம் பார்த்துக்கொண்டிருக்க, வுட்கேட்டின் தலையில் பட்டு பந்து உள்ளே விழுந்த இரவும், நீ பெஞ்சின் மேலிருந்து குதித்து வார்டனின் மேல் விழுந்ததும் நினைவுக்கு வந்து, நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். பதினேழு ஆண்டு. அந்த நேரத்தில் உனக்கு அழைத்தேன், நீ எடுக்கவில்லை. மறுநாள் நீ அனுப்பிய ஒரே வரி, “இருந்தாலும் மாற்ற வேண்டும்” என்பது. அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது கோபம் இல்லை. நீ அந்த அணியை என்னைவிடக் குறைவாக நேசிப்பவன் இல்லை. ஆனால் நீ கேட்டபடியே நடந்துவிட்ட பிறகும் உனக்கு மகிழ்ச்சி இருக்கிறதா என்று உண்மையாக எழுது.

ஆகஸ்ட் 13 அன்று இத்தாலியின் உதினேயில் பாரிஸ் அணியோடு சூப்பர் கோப்பை ஆட்டம். அந்த ஆட்டத்தை நமக்குச் சம்பாதித்தவர் வேறெங்கோ உட்கார்ந்து பார்ப்பார், அல்லது பார்க்கமாட்டார். நமக்கு அது நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. உன் ஊர்க் கருவாடு அம்மாவுக்கு வேண்டுமாம். மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் ராஜன்