77 நிமிடங்களைப் பற்றி மெட்டாலிகா ஹெவி மெட்டல் இசைக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் (குரல், கிட்டார்), லார்ஸ் உல்ரிக் (டிரம்ஸ்), கர்க் ஹாமெட் (கிட்டார்), ராபர்ட் ட்ருஹியோ (பேஸ் கிட்டார்) ஆகியோருக்கு,

வணக்கம். 2023 ஏப்ரல் 14 அன்று வெளிவந்த உங்கள் '72 சீசன்ஸ்' ஆல்பத்தைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். வெளியான வாரத்திலேயே எழுதாததற்குக் காரணம் உண்டு. உங்கள் ஆல்பங்களின் மேல் முதல் வாரத்தில் விழும் தீர்ப்புகள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. 1996இல் 'லோட்' வந்தபோது பாடல்களைவிட உங்கள் தலைமுடி வெட்டப்பட்டதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அன்று முகம் சுளித்தவர்களில் பலர் இன்று அதே ஆல்பத்தை விரும்பிக் கேட்கிறார்கள். ஆகவே அவசரப்படாமல், நன்றாகப் பழகிய பிறகு எழுதுவதே முறை என்று தோன்றியது.

சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த ஆல்பத்துக்குள் மிக நல்ல ஆல்பம் ஒன்று இருக்கிறது. அதை வெளியே எடுத்துத் தரும் வேலையை எங்களிடம் விட்டுவிட்டீர்கள்.

குறைக்கு வருமுன், நிறைந்த மனதோடு பாராட்ட வேண்டியவை இருக்கின்றன. முதலாவது, ஒலி. 1988இல் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில், அன்று உங்களோடு பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட்டின் கிட்டாரைத் தேடித் தேடிக் காது களைத்தவர்கள் நாங்கள். 2003இல் 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தின் ஸ்னேர் டிரம், தகர டப்பாவைத் தட்டுவதுபோல் எழுபத்தைந்து நிமிடம் ஒலித்ததைப் பொறுத்துக்கொண்டோம். 2008இல் 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தின் ஒலியளவை அளவுக்கு மீறி ஏற்றியதால் பாடல்கள் கரகரத்தன. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் தெளிவாகக் கேட்கின்றன என்று ரசிகர்களே ஒப்பிட்டுக் காட்டும்படி ஆயிற்று. இம்முறை அப்படியொரு மனத்தாங்கலுக்கு இடமில்லை. கிரெக் ஃபிடல்மன் உங்களோடு சேர்ந்து தயாரித்த இந்த ஆல்பத்தில் ராபர்ட்டின் பேஸ் கிட்டார் தனக்குரிய இடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. முதல் பாடலே அவருடைய விரல்களில்தான் தொடங்குகிறது என்பது ஒரு நீண்ட காலக் கடனைத் தீர்த்ததுபோல் இருந்தது. 2016இன் 'ஹார்ட்வயர்ட்' ஆல்பத்தின்போது கர்க் தம் கைப்பேசியைத் தொலைத்து, அதில் பதிந்துவைத்திருந்த ரிஃப்களையும் (பாடலில் திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துணுக்குகளையும்) சேர்த்து இழந்ததால் பாடலாக்கத்தில் அவர் பெயரே இடம்பெறவில்லை. இம்முறை அவர் பெயரும் ராபர்ட்டின் பெயரும் பல பாடல்களில் இருக்கின்றன.

இரண்டாவது, ஜேம்ஸ், உங்கள் குரலும் நீங்கள் எடுத்துக்கொண்ட பொருளும். ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் சுமப்பது அவனுடைய முதல் பதினெட்டு ஆண்டுகளில், அதாவது எழுபத்திரண்டு பருவங்களில், அவனுக்குள் விதைக்கப்பட்டதைத்தான் என்ற எண்ணத்தை ஆல்பம் முழுவதற்கும் அடித்தளமாக வைத்திருக்கிறீர்கள். மருத்துவத்தை விலக்கும் கிறிஸ்டியன் சயன்ஸ் நம்பிக்கை கொண்ட வீட்டில் வளர்ந்து, பதினாறு வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் நீங்கள். அந்தக் காயத்தை 1991இல் கோபமாகவும் 1996இல் ஏக்கமாகவும் பாடினீர்கள். 2019இல் போதையிலிருந்து மீள மறுவாழ்வு சிகிச்சைக்குத் திரும்பிச் சென்று மீண்டு வந்தபின், அறுபது வயதை எட்டும் நேரத்தில், அதைப் பொறுமையோடு ஆராய்ந்து பாடுகிறீர்கள். 'ஸ்க்ரீமிங் சூசைட்' பாடலில் தற்கொலை எண்ணத்தையே பேசவைத்து, மூடி மறைக்கப்படும் ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த துணிவை எளிதாகக் கடந்துவிட முடியாது. வரிகளில் சில இடங்களில் எதுகைக்காகச் சொற்கள் வரிசைகட்டி நிற்பதை உணர்ந்தாலும், பாடுபவர் மெய்யாகவே பாடுகிறார் என்பதில் ஐயம் எழவில்லை.

இனி குறைக்கு வருகிறேன். பன்னிரண்டு பாடல்கள், 77 நிமிடங்கள். 1984இல் வந்த 'ரைடு தி லைட்னிங்' எட்டே பாடல்கள், ஏறத்தாழ 47 நிமிடங்கள். 1986இன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்திலும் எட்டுப் பாடல்கள்தான், 55 நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. அந்த நாட்களில் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களுக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்தக் கட்டாயம் உங்களுக்கு ஐந்தாவது உறுப்பினரைப்போல் உழைத்தது என்றே நினைக்கிறேன். சிடி வந்தபின் அது போயிற்று. 'லோட்' 78 நிமிடம் 59 நொடி என்று, இனி ஒரு பாடலுக்கும் இடமில்லை என்ற அளவுக்கு நிரப்பப்பட்டது. அதற்குப் பின் வந்த உங்கள் ஆல்பங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே எழுபத்தைந்து நிமிடங்களை ஒட்டியே நிற்கின்றன. சிடி வாங்குவோர் அருகிவிட்ட காலத்திலும் அதன் கொள்ளளவை நிரப்பும் பழக்கம் மட்டும் உங்களை விடவில்லை.

நீளம் என்பதற்காகவே நான் முறையிடவில்லை. இந்த ஆல்பத்தின் ஆகச் சிறந்த பாடலே உங்கள் சொந்தப் பாடல்கள் அனைத்திலும் நீளமான 'இனமொராட்டா'தான் என்பேன். பதினொரு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அப்பாடலில் ஒரு நொடியையும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். துயரத்தையே காதலியாக்கி, அவளை விட்டு விலகவும் முடியாமல் சேர்ந்து வாழவும் முடியாமல் தவிக்கும் ஒருவனின் பாட்டு அது. கனமான ரிஃப் மெதுவாக நடந்து வந்து, நடுவழியில் எல்லாம் ஓய்ந்து, பேஸ் கிட்டார் ஏறத்தாழத் தனித்து நிற்கிறது. அதன்மேல் மெல்லிய கிட்டார் இழைகள் ஒவ்வொன்றாக வந்து அமர, லார்ஸ் கையை அடக்கியே வாசிக்கிறார். பிறகு இரட்டைக் கிட்டார்கள் சேர்ந்து எழும்போது, அதுவரை காத்திருந்ததற்குப் பலன் கிடைக்கிறது. நீளம் அங்கே ஒரு தேவையாக இருக்கிறது.

ஆனால் 'ஸ்லீப்வாக் மை லைஃப் அவே' பாடலில் அந்தத் தேவை எங்கே இருக்கிறது? பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து நல்லதொரு வாசலைத் திறக்கின்றன. உள்ளே போனால் அதே அறையைத்தான் சுற்றிச்சுற்றி வருகிறோம். 'சேஸிங் லைட்', 'கிரௌன் ஆஃப் பார்ப்ட் வயர்' இரண்டும் அப்படியே. ரிஃப் ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கிறது, உங்களுக்கு மோசமான ரிஃப் எழுத வராது. ஆனால் ஒரே நடுத்தர வேகத்தில், இரண்டு முறை போதுமான இடத்தில் நான்கு முறை வாசித்து, இன்னொரு பல்லவி, இன்னொரு சோலோ (தனி கிட்டார் வாசிப்பு) என்று நீட்டிக்கொண்டே போகிறீர்கள். கர்க் இந்த சோலோக்களில் பலவற்றை முன்கூட்டியே எழுதிவைக்காமல் அந்தந்த நேரத்து உந்துதலில் வாசித்ததாகச் சொன்னார். அந்தச் சுதந்திரத்தை மதிக்கிறேன். எனினும் கிட்டாரின் ஒலியை அழுவதுபோல் நெளியவைக்கும் வா-வா பெடலை மிதித்தபடி பழகிய அதே தடத்தில் ஓடும் சோலோக்களை அடுத்தடுத்துக் கேட்கையில், 'ஃபேட் டு பிளாக்' பாடலின் இறுதி சோலோவைக் குரலோடு சேர்த்து முணுமுணுக்கத் தெரிந்த எங்களுக்கு, இவற்றில் முணுமுணுக்க எதுவும் மிஞ்சவில்லையே என்ற ஏக்கம் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1984 முதல் 1991 வரையிலான நான்கு ஆல்பங்களிலும் நான்காவது பாடல் மெல்லத் தொடங்கும் பாடலாக அமைந்தது: 'ஃபேட் டு பிளாக்', 'வெல்கம் ஹோம்', 'ஒன்', 'தி அன்ஃபர்கிவன்'. அதோடு, எண்பதுகளில் வந்த ஒவ்வொரு ஆல்பத்திலும் குரலே இல்லாத இசைத்துண்டு ஒன்று இருந்தது. '72 சீசன்ஸ்' ஆல்பத்தில் இரண்டுமே இல்லை. பழைய அச்சில்தான் வார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. மெல்லொலி இருந்ததால்தான் அதற்குப் பிறகு வந்த இடி இடியாகக் கேட்டது. இந்த ஆல்பத்தில் மூச்சு விட முதல் இடம் கிடைப்பது கடைசிப் பாடலின் நடுவில்; அதற்குள் அறுபத்தாறு நிமிடங்கள் கடந்துவிடுகின்றன.

இந்த நிலைக்குக் காரணம் உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்ல ஆள் இல்லாததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1991இல் உங்கள் தயாரிப்பாளர் பாப் ராக் உங்களோடு மல்லுக்கட்டினார். 'என்டர் சேண்ட்மேன்' பாடலின் முதல் வரிகள் தொட்டிலில் இறக்கும் குழந்தையைப் பற்றியவையாக இருந்தபோது, இதைவிட நன்றாக எழுதலாம் என்று ஜேம்ஸிடம் முகத்துக்கு நேரே சொல்லித் திருத்தவைத்தார். அந்தப் பாடல் உங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபிடல்மனின் கைத்திறனை மேலே பாராட்டியிருக்கிறேன். ஆனால் தயாரிப்பாளர் பட்டியலில் ஜேம்ஸும் லார்ஸும் இருக்கும்போது, ஜேம்ஸும் லார்ஸும் எழுதிய பாட்டை நீக்கச் சொல்வது யாருக்கும் எளிதல்ல.

பேச்சோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். நீட்டிக்கொண்டே போவதாக மேலே குறைசொன்ன மூன்று பாடல்களோடு 'டூ ஃபார் கான்' பாடலையும் எடுத்துவிட்டேன். ('டூ ஃபார் கான்' பாடலுக்காகச் சக ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், அதன் பல்லவி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, வந்து சண்டையிடட்டும்.) மிஞ்சியவை எட்டுப் பாடல்கள், 53 நிமிடங்கள். ஏறத்தாழ 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தின் அளவுதான். தலைப்புப் பாடலின் ஓட்டம் முடிந்து 'ஷேடோஸ் ஃபாலோ' பிடித்துக்கொள்கிறது, அடுத்து 'ஸ்க்ரீமிங் சூசைட்'. 'யூ மஸ்ட் பர்ன்' பாடலின் கனத்துக்குப் பிறகு, மூன்றரை நிமிடத்துக்குள் முடியும் 'லக்ஸ் இட்டர்னா' உங்கள் முதல் ஆல்பத்தின் வேகத்தில் பாய்கிறது. 'இஃப் டார்க்னஸ் ஹேட் எ சன்' பாடலின் இறுக்கத்தை 'ரூம் ஆஃப் மிரர்ஸ்' பாடலின் இரட்டைக் கிட்டார்கள் அவிழ்த்துவிட, 'இனமொராட்டா' வந்து முடித்துவைக்கிறது. இந்த வரிசையில் கேட்கும்போது, 1991க்குப் பின் நீங்கள் தந்த ஆல்பங்களில் இதற்கு இணையாக நான் எதையும் வைக்கமாட்டேன்.

தேர்ந்தெடுக்கும் திறன் உங்களிடம் இல்லாமல் போய்விடவில்லை என்பதற்கு உங்கள் எம்72 சுற்றுப்பயணமே சாட்சி. ஒரே ஊரில் இரண்டு இரவுகள், ஒரு பாட்டும் திரும்ப வராது என்று அறிவித்து, நாற்பது ஆண்டுப் பாடல்களிலிருந்து ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டீர்கள். புதிய ஆல்பத்திலிருந்து ஓர் இரவுக்குச் சில பாடல்களை மட்டுமே எடுத்தீர்கள். மேடைக்குக் காட்டும் அதே கண்டிப்பைப் பதிவுக்கூடத்திலும் காட்டக்கூடாதா?

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த ஆல்பத்துக்கு எத்தனை பாடல்கள் வேண்டுமானாலும் எழுதுங்கள், பதிவும் செய்யுங்கள். பிறகு உங்கள் நால்வருக்கும் வெளியே உள்ள ஒருவரை, உங்களைக் கண்டு தயங்காத ஒருவரை அழைத்து, ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களில் அடங்குவதை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மிஞ்சுபவற்றை ஓராண்டு கழித்துத் தனியாக வெளியிடுங்கள். அவற்றையும் நாங்கள் வாங்கத்தான் போகிறோம், அதைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம்.

அன்புடன்,
கேசட் காலத்திலிருந்து உங்களைக் கேட்டுவரும் ரசிகன்