ஆளுக்கு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நல்ல காரியத்துக்காகப் பிரபலங்கள் கூடிப் பாடுகிறார்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. கண்ணை இறுக மூடி, ஹெட்போனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீயா நானா என்று ஆளாளுக்கு உச்சத்தில் இழுப்பார்கள். அப்படிப்பட்ட நானே இன்றைக்கும் தேடிப் போட்டுக் கேட்கிற ஒன்று உண்டு: 1997-இல் பல பாடகர்களைச் சேர்த்து பிபிசி செய்த, குழந்தைகளுக்கு நிதி திரட்டிய 'பெர்ஃபெக்ட் டே' பாட்டு.

அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1972-இல் எழுதிப் பாடியது அது. பூங்காவுக்குப் போனோம், மிருகக்காட்சிசாலை பார்த்தோம், ஒரு சினிமா, அப்புறம் வீடு, இவ்வளவுதான் விஷயம். ஆனால் அடியில் ஏதோ ஒரு சோகம் ஓடிக்கொண்டே இருக்கும். போதை மருந்தைப் பற்றிய பாட்டுதான் இது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. இதைப் போய்க் குழந்தைகளுக்கு நிதி திரட்டவா பாடினார்கள் என்றால், முதலில் அந்த எண்ணமே இல்லை. எங்களிடம் எல்லா வகை இசையும் உண்டு என்று காட்ட பிபிசி எடுத்த விளம்பரப் படம் அது. டிவியில் பார்த்தவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் நவம்பரில் சிங்கிளாக வந்தது, பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது, பிபிசியின் குழந்தைகள் நல அமைப்பான 'சில்ட்ரன் இன் நீட்' நிதிக்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்தது.

எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். ஆளுக்கு ஒரு வரி, சிலருக்கு அதிலும் பாதி. ஆபரா பாடும் லெஸ்லி காரெட்டின் குரல் மேலே எழும்பி நிற்கும்போது, ஜமைக்காவின் பர்னிங் ஸ்பியர் வந்து ஒன்றுமே நடக்காததுபோல ரெகே சாவகாசத்தில் அடுத்த வரியைச் சொல்லிவிட்டுப் போவார், அந்த இடத்தில் எனக்கு இன்னும் சிரிப்பு வந்துவிடும். பாய்ஸோன் என்கிற இளைஞர் பாப் குழுவுக்கும் இடம், நாட்டுப்புறக் கிதார் ஆசாமிகளுக்கும் இடம். பிரிட்டிஷ் ராக் நட்சத்திரம் டேவிட் போவி வருகிறார் பாருங்கள், மூலப் பாட்டு இருந்த ஆல்பத்தை கிதார் கலைஞர் மிக் ரான்சனோடு சேர்ந்து தயாரித்தவரே அவர்தான், நியாயமாக அலட்டிக்கொள்ளலாம். அவரும் தன் பங்கைப் பாடிவிட்டு நகர்ந்துவிடுவார். விதைத்ததை அறுப்பாய் என்று அந்த இனிமையான பாட்டு ஏன் முடிகிறது என்பது மட்டும் இத்தனை வருடம் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நம் ஊர் 'வினை விதைத்தவன்' மாதிரி மிரட்டுகிறதா, ஆறுதல் சொல்கிறதா?

போன வாரம் மறுபடி பார்த்தேன். அதில் பாடியவர்களில் அமெரிக்கப் பாடகி டாமி வைனெட் அதற்கடுத்த வருடமே போய்விட்டார். லூ ரீட் 2013-இல், போவி 2016-இல், ஷேன் மெக்கோவன் 2023-இல். இவர் இருக்கிறாரா, இவர் இருக்கிறாரா என்று எண்ணிக்கொண்டே பார்த்ததில் பாட்டைச் சரியாகக் கேட்கவில்லை, இரண்டாம் முறை போட வேண்டியதாயிற்று.

அந்த சிடியை வந்த வாரமே வாங்கினேன். நண்பர் ஒருவர் இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். அவரும் உங்கள் பத்திரிகையை விடாமல் படிப்பவர், அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு நீண்டகால வாசகர்