சிறுகதைப் போட்டி நடுவர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு வணக்கம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகத் தாங்கள் நடத்தும் போட்டிக்கு என் மாணவி அனுப்பிய கதை, "வில்லனுக்கு வில்லத்தனம் போதவில்லை, திருத்தி அனுப்பவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவள் முதலில் எழுதிய வடிவத்தையே மீண்டும் படித்து மதிப்பிடுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

கதை தங்களுக்குத் தெரியும். தாயின் தாலிக்கொடியைத் திருடி அடகு வைத்த மகன், அன்றிரவு வீட்டுக் கதவைத் தட்டத் துணிவின்றி அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருக்கிறான். குடும்ப நண்பரோ, சூதாட்டக் கூடத்தின் நுழைவுக் கட்டணமான 150 சிங்கப்பூர் வெள்ளியை ஒவ்வொரு முறையும் தாமே கொடுத்து அவனை அனுப்புகிறார். அவன் கடன் பெருகப் பெருக, அதைக் காட்டித் தாயின் சேமிப்பைக் கைப்பற்றலாம் என்பது அவர் கணக்கு. மறுநாள் காலை அதே தாய் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அவருக்கு ஆறுதலும் சொல்கிறார். தங்கள் குறிப்பு மகனைத் தீயவன் என்றும் நண்பரைத் துணைப் பாத்திரம் என்றும் வகைப்படுத்தியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்ல ஆணையிட்டது பாண்டியன்தான். ஆராயாமல் தீர்ப்பளித்த அவன் குற்றம் பெரிது. ஆயினும் உண்மை தெரிந்த கணமே "யானோ அரசன் யானே கள்வன்" என்று தன்மேல் தீர்ப்பு எழுதிக்கொண்டு உயிர்விட்டான். பொற்கொல்லனுக்கோ உண்மை தொடக்கத்திலேயே தெரியும், ஏனெனில் அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன். கோவலனின் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்கி நின்றபோது, பொற்கொல்லன் வாய்மூடி இருந்திருந்தாலே ஓர் உயிர் பிழைத்திருக்கலாம். அவனோ கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளைப் பொறுமையாக விரித்துரைத்து அத்தயக்கத்தைப் போக்கினான். அவன் கத்தவில்லை, வாளைத் தொடவும் இல்லை. கயவரைப் பற்றி "நெஞ்சத்து அவலம் இலர்" என்று வள்ளுவர் சொல்லும் மூன்று சொற்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கீழ்த்தளத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்த மகனிடம் இருப்பதும், தேநீர் குடிக்கும் நண்பரிடம் இல்லாததும் அந்த அவலமே. பிறர் வலியை அறியாமல் தவறுவது வேறு, அறிந்து அதையே கருவியாக்குவது வேறு.

தங்கள் குறிப்பைப் படித்தபின் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை நூலகத்தில் என் எதிரே அமர்ந்து, நண்பருக்கு உரத்த சிரிப்பையும் சிவந்த கண்களையும் சேர்த்தாள். மூன்று வாரம் செப்பனிட்ட தேநீர்க் காட்சியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, "இப்போது போதுமா, சார்?" என்று கேட்டாள். போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் தொலைக்காட்சித் தொடர்களில் தீயவர் வருமுன்னரே இசை வந்து எச்சரித்துவிடுகிறது. மோசடிக்காரர்களிடம் சேமிப்பை இழந்த மூத்தோர் இருவரை நான் அறிவேன். பேசியவரின் கனிவைத்தான் இருவரும் இன்னும் நினைவுகூர்கிறார்கள். அந்தக் கனிவை அடையாளம் கண்டு எழுதிய மாணவியிடம், அதை அழித்துவிட்டு வா என்று நாம் சொல்லலாமா?

கடுமை தென்பட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். அவள் அடிப்பதற்கு முன் எடுத்து வைத்த படியை இத்துடன் இணைத்துள்ளேன். திருத்திய வடிவத்தை ஒதுக்கிவிட்டு இதனைப் படிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்
சிங்கப்பூர்