படத்தில் இருப்பது பண்ணைக் காடை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் காடை வளர்ப்பு குறித்து வெளிவந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால் அதனுடன் அச்சாகியிருந்த படம், நெற்றியிலிருந்து முன்புறமாக வளைந்து தொங்கும் கொண்டையை உடைய கலிபோர்னியாக் காடையின் படம். பண்ணைகளில் வளரும் ஜப்பானியக் காடைக்குக் கொண்டையே கிடையாது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையும் அல்ல. படத்தில் உள்ளது அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட காடை வகைகளில் ஒன்று, 1931 முதல் கலிபோர்னியாவின் மாநிலப் பறவை.

சுமார் 25 செ.மீ. நீளமும் கால் கிலோவுக்குக் குறைவான எடையும் கொண்ட இப்பறவையின் கொண்டை, தொலைவிலிருந்து ஒற்றை இறகாகத் தெரிந்தாலும், உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஆறு இறகுகளால் ஆனது. ஆணுக்கு அது கறுத்து நீண்டிருக்கும். பெண்ணுக்குப் பழுப்பு நிறத்தில் குட்டையாக இருக்கும். ஆணின் கரிய தொண்டையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓட, நீலச்சாம்பல் மார்புக்குக் கீழே வயிற்றிறகுகள் மீன் செதிலைப் போல அடுக்கடுக்காக அமைந்திருக்கும். அரிசோனாப் பாலைவனத்தின் காம்பெல் காடைக்கும் இதே கொண்டை உண்டு என்பதால், இரண்டையும் வயிற்றைப் பார்த்தே பிரித்தறிவது நல்லது. காம்பெல் காடைக்கு அந்தச் செதில் அமைப்பு இல்லை, ஆணின் வயிற்றில் ஒரு கரிய திட்டு இருக்கும்.

சப்பரல் எனப்படும் புதர்க்காடுகளும் ஓக் மரங்கள் நிற்கும் மலையடிவாரங்களுமே கலிபோர்னியாக் காடையின் வாழிடம். விதை பொறுக்க வெட்டவெளி, ஆபத்து வந்தால் ஓடி ஒளிய நாலடி தூரத்தில் அடர்ந்த புதர், இரவில் அடைய உயரமான செடியோ மரமோ ஆகிய மூன்றும் அருகருகே இருந்தால்தான் அது தங்கும். பறக்கத் தெரிந்தும் ஓடுவதையே விரும்பும் பறவை, முட்டையிடுவதும் தரையில்தான். எனவே புதர் போனால் அதுவும் போய்விடுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாகத் திரிந்த இக்காடைகள் அற்றுப்போனதற்குப் புதர்கள் குறைந்ததும் பூனைகள் பெருகியதும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மாநில அளவில் இந்த இனத்துக்கு உடனடி ஆபத்து இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஓர் ஊரில் அழிந்தது தானாகத் திரும்பி வருவது அரிது.

தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் கலிபோர்னியாத் தமிழர்களில் மலைச்சரிவுகளில் வீடு வாங்கியோர் பலர். காட்டுத்தீ அபாயமுள்ள பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிவரை செடிகொடிகளைக் கட்டுக்குள் வைக்கச் சட்டம் சொல்கிறது. அதை மீறச் சொல்லவில்லை. அந்த எல்லைக்கு அப்பாலும் அழகுக்காக வழித்தெடுப்பதைத் தவிர்த்து, பூனையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும். கட்டுரையின் இணையப் பதிப்பில் படத்தையும் மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சான் ஓசே, கலிபோர்னியா