பெயர் தெரியாத தாயும் பெயர் தெரிந்த வக்கீலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் ‘டேனி பாய்’ பாட்டைப் பற்றி, “போருக்குப் போகும் மகனுக்காகப் பெயர் தெரியாத அயர்லாந்துத் தாய் ஒருத்தி பல நூற்றாண்டுகளுக்கு முன் பாடியது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாயை எங்கே சந்தித்தீர்களோ! பாட்டை எழுதியவர் ஃபிரெட் வெதர்லி. ஆண், ஆங்கிலேயர், வக்கீல். 1910-இல் எழுதி வைத்திருந்தார். அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து சகோதரரின் மனைவி 1912-இல் ஓர் அயர்லாந்து மெட்டை அனுப்ப, வரிகளை அதற்குத் தக்கபடி திருத்தி 1913-இல் வெளியிட்டார்.

பெயர் தெரியாதவர் மெட்டுக்குச் சொந்தக்காரர் மட்டுமே. அயர்லாந்தின் லிமவாடி ஊரைச் சேர்ந்த ஜேன் ராஸ் சேகரித்துக் கொடுத்ததை ஜார்ஜ் பெட்ரி 1855-இல் தம் தொகுப்பில் தலைப்பில்லாமல் அச்சிட்டார். ‘லண்டன்டெரி ஏர்’ (ஏர் என்றால் மெட்டு) என்ற பெயர், கிடைத்த மாவட்டத்தை வைத்துப் பின்னால் ஒட்டிக்கொண்டது. பெட்ரியே தெரியாது என்று ஒப்புக்கொண்ட இடத்தில் தங்கள் இதழுக்கு ஒரு தாய் கிடைத்துவிட்டாள்.

போதாததற்கு, “யார் வேண்டுமானாலும் பாடக்கூடிய எளிய பாட்டு” என்று ஒரு வரி. பாடிப் பார்த்தீர்களா? நி ஸ ரி க என்று மந்தர (கீழ் ஸ்தாயி) நிஷாதத்தில் எடுப்பு. முதல் வரியிலேயே மந்தர தைவதம் வரை இறங்கும். கடைசிக்கு முந்தைய வரியிலோ மத்திய பஞ்சமத்தில் நின்றுகொண்டிருந்துவிட்டு, படி எதுவுமில்லாமல் தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) காந்தாரத்துக்கு ஒரே தாவல். மொத்த வீச்சு ஒன்றரை ஸ்தாயியைத் தாண்டும். எடுப்பு சௌகரியமாக இருக்கிறதே என்று அதை வைத்துச் சுருதி பிடிப்பவர்களுக்கு அந்தத் தாவலில் குரல் உடையும், அல்லது கத்தலாகும். அந்த மேல் காந்தாரத்தை முதலில் பாடிப் பார்த்து, அது நோகாமல் வரும் இடத்தில் சுருதியை வைக்க வேண்டும். கீழே தைவதம் சற்று மெலிந்தால் குற்றமில்லை, மைக் பார்த்துக்கொள்ளும். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தானே என்று மத்தியமத்தையும் தைவதத்தையும் அசைத்தால் பாட்டு போயிற்று. இதில் ஒரு வரியாவது போட்டிருந்தால் பாடுகிறவர்களுக்கு உதவியிருக்கும்.

இது முதல் தடவையும் இல்லை. யேட்ஸை “ஆங்கிலக் கவிஞர்” என்றீர்கள். 1923-இல் நோபல் பரிசு பெற்றபோது அவர் புதிதாய்ப் பிறந்த அயர்லாந்து அரசின் செனட்டர். அவருடைய ‘சாலி கார்டன்ஸ்’ பாட்டையும் நாட்டுப்பாடல் பட்டியலில் சேர்த்தீர்கள். ஸ்லைகோ பக்கத்துக் கிழவி ஒருத்தி அரைகுறை ஞாபகத்தில் சொன்ன மூன்று வரிகளை வைத்துக் கட்டியது என்று 1889-இல் அவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாட்டில் உண்மையாகவே ஒரு கிழவி இருக்கிறாள்; அவளைத்தான் விட்டுவிட்டீர்கள்!

‘ராக்லன் ரோடு’ லூக் கெல்லியின் பாட்டாம். அவர் பாடியவர். கவிதை பாட்ரிக் கவனாவுடையது, 1946-இல் நாளிதழில் வந்தது. மெட்டு அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. ஹார்ப் (யாழ் போன்ற நரம்புக் கருவி) வாசித்த டர்லோ கரோலனின் மெட்டுகளையும் “பழைய ஹார்ப் மெட்டு” என்று பெயரில்லாமல் போட்டீர்கள். 18 வயதில் அம்மை நோயால் பார்வை இழந்து, குதிரையில் வீடு வீடாகப் போய், உபசரித்தவர்கள் பெயரிலேயே மெட்டமைத்த மனிதர் அவர். விருந்து வைத்தவர் பெயர் நிற்கிறது, மெட்டமைத்தவர் பெயர் தங்கள் பக்கத்தில் இல்லை. 1792-இல் பெல்ஃபாஸ்டில் ஹார்ப் கலைஞர்களைக் கூட்டி, 19 வயது எட்வர்ட் பண்டிங்கை உட்கார வைத்து அவர்களின் மெட்டுகளை எழுதியெடுக்கச் சொன்னார்களே, எல்லாம் இப்படி அநாமதேயம் ஆவதற்கா?

மார்கரெட் கசின்ஸை “ஆங்கிலேய மாது” என்றதற்கு அப்போதே எழுதினேன், பதிலில்லை. அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் ஊரில் பிறந்தவர், டப்ளினில் சங்கீதம் படித்துப் பட்டம் பெற்றவர். 1919-இல் மதனப்பள்ளியில் தாகூரின் ‘ஜன கண மன’வுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதியவர். அவரைப் பற்றியாவது சரியாக எழுத வேண்டாமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சினிமாப் பாட்டு என்றால் இசை இன்னார், பாடல் இன்னார் என்று இரண்டு பெயரையும் தவறாமல் போடுகிறீர்கள். அதே போல் அயல்நாட்டுப் பாட்டின் அடியிலும் மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, எந்த ஆண்டு என்று ஒரு வரி போடுங்கள். மெட்டின் மூலம் தெரியாவிட்டால் சேகரித்தவர் பெயர். வரும் இதழில் வெதர்லி, ஜேன் ராஸ், பெட்ரி மூவருக்குமாக ஒரு சிறு திருத்தமும் வந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி.