கம்பி உயர்ந்தால் ட்ரஸ் ராடைத் திருகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கையால் கிட்டார் செய்யும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை மகிழ்ச்சி தந்தது. அதில் ஒரு வரியை மட்டும் திருத்தியாக வேண்டும். கம்பி உயரமாக நின்றால் கிட்டாரின் கழுத்தான நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை, அதாவது உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பித் திருகிக்கொண்டே போனால் மரை தேயும், ராடும் முறியலாம். கம்பி என்னவோ உயரத்தில்தான் நிற்கும்.

ட்ரஸ் ராடின் வேலை நெக்கின் வளைவைக் கட்டுப்படுத்துவது, அவ்வளவே. முதல் ஃபிரெட்டிலும் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோக மெட்டு) 14ஆம் ஃபிரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால், 7ஆம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். அது சரியாக இருந்தும் 12ஆம் ஃபிரெட்டில் தடித்த கம்பி 3.5 மி.மீ.க்கு மேல் நின்றால், பெரும்பாலும் கோளாறு நெக் உடலோடு சேரும் சாய்வில் இருக்கிறது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் நிற்கின்றன. உயரம் பிசகினால் மேளம் கட்டுபவர் (வீணையில் மெட்டுகளைப் பதிப்பவர்) மெழுகை இளக்கி மீண்டும் கட்டிவிடுவார். கிட்டாரில் ஃபிரெட்டுகள் பலகையில் அடித்து இறக்கப்பட்டவை. அதனால் அந்தப் பொறுப்பு முழுவதும் நெக்கின் சாய்வின் மேல் விழுகிறது.

சோதிப்பது எளிது. நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை ஃபிரெட்டுகளின் மேல் நடுவாக வைத்து, முன்பலகையில் கம்பிகளைப் பிணைக்கும் கட்டையான பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். கம்பி கட்டிய கிட்டாரில் ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்முகத்தைத் தொட்டபடி நிற்க வேண்டும். கம்பி கட்டாத புதிய கிட்டாரில் 1 முதல் 1.5 மி.மீ. மேலே நிற்கலாம். லைட் செட் (மெல்லிய வகை) கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுப்பதால், முன்பலகை சற்று உப்பி அந்த இடைவெளி அடைபடும். ஸ்கேல் பிரிட்ஜின் பக்கவாட்டில் முட்டினால் சாய்வு போதவில்லை.

அப்படிப்பட்ட கிட்டாரில் பலரும் சேடிலைத்தான், அதாவது பிரிட்ஜின் மேல் கம்பி தங்கும் பட்டையைத்தான் தேய்க்கிறார்கள். 12ஆம் ஃபிரெட்டில் 1 மி.மீ. இறங்க, சேடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும். பிரிட்ஜுக்கு மேலே தெரிவதே 3 மி.மீ. என்றால் மிஞ்சுவது ஒரே மி.மீ. கம்பி சேடிலில் மடங்கி இறங்கும் கோணம் குறைந்து ஓசை சோர்ந்துவிடும். அடுத்து பிரிட்ஜையே இழைக்கிறார்கள், 9 மி.மீ. தடிமன் 6 ஆகும்போது அது பலம் இழக்கிறது. சாய்வு மிகையானாலும் கேடுதான். சேடில் 5, 6 மி.மீ. உயர்ந்து நின்றால் கம்பியின் இழுப்பில் முன்னே சாயும், பிரிட்ஜின் பள்ளம் பிளக்கும்.

சரியான வழி நெக்கைக் கழற்றி, அது உடலோடு சேரும் அடிக்கட்டையான ஹீலைச் சீவுவது. எவ்வளவு சீவ வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். 645 மி.மீ. ஸ்கேல் நீளமுள்ள (அதிரும் கம்பியின் நீளம்) கிட்டாரில் 14ஆம் ஃபிரெட்டிலிருந்து சேடில் வரை சுமார் 287 மி.மீ. ஹீலின் ஆழம் 95 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேல் பிரிட்ஜின் மேல்முகத்துக்கு 3 மி.மீ. கீழே முட்டுகிறது என்றால், 3ஐ 95ஆல் பெருக்கி 287ஆல் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 1 மி.மீ. ஹீலின் அடிமுனையில் 1 மி.மீ., மேலே ஃபிரெட் பலகையை ஒட்டிய இடத்தில் பூஜ்யம் என்று ஆப்பு வடிவில் எடுக்க வேண்டும். மேலேயும் எடுத்துவிட்டால் நெக் முழுவதும் பிரிட்ஜை நோக்கி நகர்ந்து சுருதி கெடும்.

உடலைத் தொடும் ஹீலின் இரு தோள்களிலும் வெளிவிளிம்பில் 2 மி.மீ. விட்டு, உட்பகுதியை உளியால் சற்றுக் குழித்துவிடுவது நல்லது. அப்போது சீவ வேண்டிய மரமும் குறையும், விளிம்பும் இடைவெளியின்றிப் பொருந்தும். பெரும்பகுதியை உளியால் எடுத்த பின், 120ஆம் நம்பர் உப்புத்தாளை விரலகலப் பட்டையாக வெட்டி, சொரசொரப்பு ஹீலைப் பார்க்க உடலுக்கும் ஹீலுக்கும் இடையே வையுங்கள். நெக்கை அழுத்திக்கொண்டு பட்டையை வெளியே இழுங்கள். இரு பக்கமும் இழுப்புகளின் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும். நெக் தடித்த கம்பியின் பக்கம் ஒதுங்கியிருந்தால் மட்டும் மெல்லிய கம்பியின் பக்கத் தோளில் கூடுதலாக இழுக்கலாம். சில இழுப்புகளுக்கு ஒருமுறை நெக்கின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் பட்டையான நட்டின் இரு முனைகளிலிருந்து பிரிட்ஜுக்கு நூல் பிடித்து மையத்தைப் பாருங்கள். சாய்வைச் சரிசெய்யும் அவசரத்தில் மையத்தைத் தவறவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிறது.

தோள்கள் குறைந்ததும், நெக்கை உடலோடு கோக்கும் டவ்டெயில் (புறாவால் வடிவ) இணைப்பு தளரும். அதன் பக்கங்களில் 0.5 மி.மீ. வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டி மீண்டும் இழைக்க வேண்டும். பள்ளத்தில் சாக்பீஸ் பூசி நெக்கை இறக்கி எடுத்தால் எங்கே முட்டுகிறது என்பது தெரியும். பசை இல்லாமலே இறுகிப் பிடிக்கும் வரை இதைத் தொடர வேண்டும். பசை இடைவெளியை நிரப்பும் என்று நம்பக் கூடாது. டவ்டெயிலின் முனை பள்ளத்தின் உட்சுவரில் இடித்தால் தோள்கள் மூடாது. அங்கே 1 மி.மீ. வெற்றிடம் அவசியம்.

நெக் பின்னே சாயும்போது, உடலின் மேல் நீளும் ஃபிரெட் பலகையின் நாக்கு மேலெழும்பும். அதைக் கிளாம்ப் போட்டு அழுத்தி ஒட்டினால் 14ஆம் ஃபிரெட்டில் மேடு விழுந்து, அதற்கு முன்னுள்ள ஃபிரெட்டுகளில் கம்பி இரையும். நாக்கின் அடியில் ஆப்பு போன்ற மெல்லிய மரப்பட்டை வைத்து ஒட்டுவதே முறை.

முதல் கிட்டார் செய்பவர்கள் டவ்டெயிலை விட்டுவிட்டு, இரண்டு 6 மி.மீ. போல்ட்டுகளால் நெக்கைப் பிணைக்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம், ஓசையிலும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் நிறுவனம், போல்ட்டும் அளவெடுத்த மெல்லிய ஷிம்களும் (இடைத்தகடுகள்) வைத்துச் சாய்வை அமைக்கும் முறையை 1999இல் கொண்டுவந்தது.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு கவனமும் தேவை. ஈரம் மிகுந்த மாதத்தில் முன்பலகை உப்பி பிரிட்ஜ் உயர்ந்திருக்கும். அந்த நிலையில் அளந்து ஹீலைச் சீவினால் வறண்ட காலத்தில் சாய்வு மிகையாகிவிடும். அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் நிறுத்தி, கிட்டாரைச் சில நாள் அங்கே வைத்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

கடைசியாக, கிட்டார் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். டவ்டெயிலை எபாக்சியால் ஒட்டாதீர்கள். வச்சிரமும் (விலங்குத் தோல் பசை) சாதாரண மரப்பசையும் நீராவியில் இளகும். 15ஆம் ஃபிரெட்டை எடுத்து, அதன் பள்ளத்தில் 2 மி.மீ. துளையிட்டு ஆவி செலுத்தினால் நெக் கழன்று வரும். எபாக்சி அவ்வளவு எளிதில் விடாது, கழற்றும்போது மரமும் பிய்ந்து வரும். எந்தப் பசை, எந்த வகை இணைப்பு, எந்த ஆண்டு என்பதை உடலுக்குள் ஒட்டும் லேபிளிலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் செய்யும், பழுதுபார்க்கும் வாசகர்கள்,
சென்னை.